குளத்துக்கு இந்தப் பக்கத்துக் கோகன்

கல்கத்தாவில் கால்பந்து வருஷத்துக்கு இரண்டு முறை ஆடப்படும். மழைக்காலத்தில் மைதானத்துச் சேற்றில் பந்தை வைத்துக்கொண்டு ஆடுவது ஒன்று. அதற்கு முன்னால் பங்குனி வெயிலில் டாக்சிகளை வைத்துக்கொண்டு ஆடுவது இன்னொன்று. கோப்பை முதலாவதற்குத்தான் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம் ஏறுவது இரண்டாவதில்.

நிதாய் சமாதார் இந்த இரண்டாவது ஆட்டத்தின் வீரர். பாகீரதி சங்கத்துக்காக ஆட்டக்காரர்களைத் தூக்கிவந்து ஒளித்துவைப்பது அவர் பொறுப்பு. சங்கம் ஒருவனைப் பேசி முடித்துவிட்டால், அவன் மனசு மாறுவதற்குள், அல்லது எதிரி இம்பீரியல் கிளப் வந்து மாற்றுவதற்குள், டாக்சியில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இலிஷ் மீனும் லூச்சி என்கிற மைதா பூரியும் போட்டு, வாசலில் காவல் இருந்து, கையெழுத்து நாளன்று கால்பந்துக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். இத்தனை வருஷத்தில் ஒருவன்கூட அவர் கையை விட்டு நழுவியதில்லை. இதற்குச் சம்பளம் கிடையாது. டாக்சிக் காசுகூடச் சில சமயம் சொந்தக் கையை விட்டுத்தான் போகும்.

அங்கே அண்ணன் என்பதற்குப் பெயரோடு ‘தா’ சேர்ப்பார்கள். நிதாய்தா என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது. தமிழ்க் காதுக்கு அது எதையோ கேட்பதுபோல இருக்கும். எல்லாரும் அவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் குற்றமில்லை.

பகலில் அவர் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே அவர் வந்தாரா வரவில்லையா என்பது அவருக்கே சில நாள் மறந்துபோகும். சாயங்காலம் மைதானத்தில் பாகீரதியின் கூடாரத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. காரியதரிசி லாஹிரி பாபுவுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. ஸ்டூவும் டோஸ்டும் கேட்காமலே வரும். “கை நழுவாத நிதாய் வந்தாச்சு” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். ஐம்பது வயதுவரை அவர் சம்பாதித்த சொத்து அந்த நாற்காலியும் அந்தப் பட்டப்பெயரும்தான். இரண்டில் ஒன்று போனாலும் மற்றது தங்காது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் லாஹிரி பாபுவுக்கு நடுக்களப் பைத்தியம் பிடித்திருந்தது. முந்தைய சீசனின் இறுதிப் போட்டியில் அணியின் ஒரே நல்ல ஹாஃப் பேக் கணுக்கால் பிசகி விழ, அவன் இடத்தில் இறக்க ஆள் இல்லாமல், ஒரு கோல்கீப்பரைச் சட்டை மாற்றி இறக்கினார்கள். ஊர் சிரித்தது. “இனி நடுக்களத்துல ஆள் இல்லைங்கிற பேச்சே வரக்கூடாது” என்று பாபு சபதம் போட்டு, ஆறு பேரை வாங்கிவிட்டார். அதில் ஆடக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவனை இம்பீரியல் கேட்டதாகக் காதில் விழுந்ததால் வாங்கினார்கள். ஒருவன் முன்கள ஆட்டக்காரனின் மைத்துனன். ஒருவனுக்கு முழங்காலே இல்லை என்று சொல்லலாம். கடைசி ஆளை யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

“பத்தாது நிதாய். கொன்னகர்ல கோகன்னு ஒருத்தன் இருக்கான். இடது காலா அது, சாட்டை! பேசி முடிச்சாச்சு. பையைக் கட்டிட்டு உட்கார்ந்திருப்பான். விடியறதுக்குள்ள தூக்கிடு.”

“அடையாளம் ஏதாவது பாபு?”

“உயரமா இருப்பான். ஜூட் மில் பக்கத்துல வீடு. ஃபுட்பால் ஆடற கோகன்னு கேட்டா குழந்தைகூடச் சொல்லும்.”

கோகன் என்றால் சின்னப் பையன், அவ்வளவுதான். வங்காளிக்குப் பெயர் இரண்டு. பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஒன்று. வீட்டுக்கும் தெருவுக்கும் ஒன்று. முதல் பெயரை அப்பா அம்மாவே யோசித்துத்தான் சொல்வார்கள். இரண்டாவது பெயரில் தெருவுக்கு நாலு கோகன் இருப்பான். இது தெரியாமல் நிதாய்தா வளரவில்லை. ஆனால் அன்று அவசரம்.

கொன்னகரில் டீக்கடைக்காரன் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். “ஃபுட்பால் ஆடற கோகன் வீடு எதுப்பா?”

“எந்தக் கோகன்? குளத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”

நிதாய்தா குளத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் போக ஒற்றையடிப் பாதைதான், அதுவும் சேறு. டாக்சிக்காரன் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். “இந்தப் பக்கம்தான்” என்றார் நிதாய்தா.

இந்தப் பக்கத்து வீட்டு வாசலில் உயரமான ஒருவன் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நின்றான்.

“நீதானே கோகன்?”

“ஆமா.”

“ஃபுட்பால் ஆடுவியா?”

“ஆடுவேன்.”

“பாகீரதி சங்கத்துலேருந்து வந்திருக்கேன். ஏறு.” டாக்சியின் கதவை அவரே திறந்துவிட்டார்.

அவன் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு ஏறினான். கையில் பை எதுவும் இல்லை. அதை நிதாய்தா கவனிக்கத்தான் செய்தார். கட்டிய துணியோடு வருகிற அளவுக்குப் பையனுக்கு ஆர்வம் என்று நினைத்து மகிழ்ந்துபோனார்.

அந்தப் பக்கத்துக் கோகன் பையைக் கட்டி வைத்துக்கொண்டு மதியம்வரை காத்திருந்தான். யாரும் வரவில்லை. சாயங்காலம் இம்பீரியலின் ஆள் ஒற்றையடிப் பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போய் அவனைக் கூட்டிவந்துவிட்டான்.

நிதாய்தா வீட்டுக்கு வந்த கோகன் எந்தத் தொல்லையும் தரவில்லை. இதற்கு முன் ஒளிந்தவர்களில் ஒருவன் சினிமாவுக்குப் போக வேண்டும் என்று கதவை உடைத்தான். இன்னொருவன் கோல் அடித்துப் பழகியே தலையணைகளைக் கிழித்தான். இவன் குழாயடியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். பரணில் இருந்த பானைகளை இறக்கினான். மனைவி பிரதிமா கடுகு அரைத்துப் போட்ட இலிஷ் மீனைச் சாப்பிட்டுவிட்டு, முள்ளை ஓரமாக ஒதுக்கித் தட்டைத் தானே கழுவினான்.

“ஏங்க, இவன் நிஜமாவே பெரிய ஆட்டக்காரனா? கொஞ்சம்கூடத் திமிரு இல்லையே?” என்று பிரதிமா கேட்டாள்.

“நல்லா ஆடறவன் அப்படித்தான் இருப்பான்” என்றார் நிதாய்தா.

கையெழுத்து நாளன்று கூட்டமைப்பு அலுவலகத்து வாசலில் பாகீரதிக் கூட்டம் அவனைத் தோளில் தூக்கியது. “இடது கால், இடது கால்” என்று கத்தியது. ஒரு கிழவர் குனிந்து அவன் இடது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட்டமைப்புக் குமாஸ்தா பெயர் கேட்டார். “அமியகாந்தி ஹால்தார்” என்றான். “அடேயப்பா, எவ்வளவு லட்சணமான பேரு!” என்று லாஹிரி பாபு பூரித்தார். கோகனின் கல்யாணப் பத்திரிகைப் பெயர் என்னவென்று அவருக்கும் தெரியாது.

மறுநாள் இம்பீரியல் ஆட்கள் மேளத்தோடு வந்து, கொன்னகர் கோகன் என்கிற நிர்மால்ய குஹாவைக் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

கூடாரத்தில் அன்று யாரும் நிதாய்தாவைப் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை. லாஹிரி பாபு கேட்டார்: “நிதாய், நீ கொண்டுவந்தது யாரு?”

“கோகன், பாபு.”

“எந்தக் கோகன்?”

“கொன்னகர் கோகன்தான்” என்றார் நிதாய்தா. கொஞ்சம் நிறுத்தி, “குளத்துக்கு இந்தப் பக்கம்” என்றார்.

விசாரித்ததில் அவன் ஜூட் மில்லின் இரண்டாம் அணியில் வலது பின்காவல் ஆடுகிறவன் என்று தெரிந்தது. அந்த இடமும், வழக்கமாக ஆடுகிறவனுக்கு இரவு ஷிஃப்ட் விழுந்தால்தான். லாஹிரி பாபு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முழுவதும் குடித்து முடித்தார். நிதாய்தா தன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். இம்பீரியல் உங்களை ஏமாற்றிவிட்டதாமே என்று கேட்டார்கள்.

பாபு எழுந்தார். “ஏமாத்தினாங்களா? அந்தக் கோகனை நாங்கதான் அவங்களுக்கு விட்டுக்கொடுத்தோம். எங்களுக்கு வேண்டியது இந்தக் கோகன். ஏன்னு கேக்காதீங்க. இது ரகசிய ஆயுதம்.” நிதாய்தாவின் தோளில் கை வைத்து, “கண்டுபிடிச்சது யாருன்னு நினைச்சீங்க?” என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டூ வந்தது. நிதாய்தா அதை அப்படியே ஒரு பத்திரிகைக்காரர் பக்கம் நகர்த்தினார்.

ரகசிய ஆயுதத்தை வெளியே காட்டினால் அது ரகசியமில்லை. ஆகவே கோகன் ஆடவில்லை. பயிற்சியாளர் முதல் நாளே அவன் பந்தைத் தொட்ட விதத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. நடுக்களத்தில் ஏழு பேர் என்று பாகீரதி பெருமையடித்துக்கொண்டது. ஆடியது அதே இரண்டு பேர். அவர்கள் களைத்துப்போய் ஆட்டம் கைவிட்டுப் போகும்போதெல்லாம் பார்வையாளர் காலரி “கோகனை இறக்கு! கோகனை இறக்கு!” என்று அலறியது. அவன் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் இறங்கவில்லை, அதனால் ஒரு பந்தையும் தவறவிடவில்லை. அந்த அணியில் அந்தப் பெருமை அவன் ஒருவனுக்குத்தான். காலைப் பயிற்சியில் அவன் அடித்த பந்து கம்பத்தைப் பிளந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒரு தபால்காரர் சத்தியம் செய்தார்.

பாகீரதி அந்த வருஷம் இரண்டாவதாக வந்தது. கோகனை இறக்கியிருந்தால் முதலாவது என்று பத்திரிகைகள் எழுதின. லாஹிரி பாபு அதைப் படித்துத் தலையாட்டினார்.

அடுத்த பங்குனி வந்தது. “நிதாய், இம்பீரியல் நம்ம கோகனைத் தூக்கப் பாக்குது. உன் வீட்டுல வை. இவன் நழுவினா அப்புறம் இந்தப் பக்கம் நீ வரவேண்டியதில்லை, சொல்லிட்டேன்.”

“பாபு, ஆனா அவன்...”

“அவனுக்கு என்ன?”

நிதாய்தா பாபுவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு கள்ளமும் இல்லை. தான் சொன்ன பொய்யைத் தானே ஒரு வருஷம் படித்துப் படித்து மனிதர் நம்பிவிட்டிருந்தார். “ஒண்ணுமில்லை பாபு” என்றார் நிதாய்தா.

கோகன் மறுபடியும் வந்து குழாயடியில் தண்ணீர் பிடித்தான். முகத்தில் சதை இறங்கியிருந்தது. ஒளிந்திருந்த நாட்களுக்கு லீவு சொல்லவில்லை என்று மில்லில் போன வருஷமே அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். சங்கம் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னது, சொல்லிக்கொண்டே இருந்தது. நிதாய்தாவுக்கு அவன் தட்டில் சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தியது. தெருவில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவனை ஏற்றி வந்தது அவர்தான்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கோகன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “நிதாய்தா, அண்ணியோட மீன் மார்க்கெட் போனப்ப இம்பீரியல் ஆளு வந்தான். கையெழுத்துப் போட்டா பேங்க்ல வேலையாம். ஆட்டக்காரங்க கோட்டா. ஆறு மாசம் பார்த்துட்டு நிரந்தரம் பண்ணுவாங்களாம். இன்னிக்குப் பின் சந்துல டாக்சியோட நிப்பேன்னு சொன்னான்.”

நிதாய்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

“உங்ககிட்ட சொல்லாமப் போக மனசு வரலை.”

“உனக்கு ஆட வராதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும்தான். கோச் வாயைத் திறக்க மாட்டாரு, அந்தப் பக்கத்துக் கோகன் சொன்னா பொறாமைம்பாங்க.” அவன் இப்போது நிமிர்ந்தான். “அன்னிக்கு நீங்க வந்தப்பவே எனக்குச் சந்தேகம்தான் நிதாய்தா. அந்தப் பக்கத்துக் கோகனைத்தான் தேடி வந்திருக்கீங்கன்னு தோணிச்சு. ஆனா நீங்க கதவைத் திறந்துவிட்டீங்க. எனக்கு அதுவரைக்கும் யாரும் கதவைத் திறந்துவிட்டதில்லை. வாயைத் திறக்கத் தோணலை.”

அடுக்களையிலிருந்து பிரதிமாவின் குரல் வந்தது: “பேங்க் வேலைங்கறது நிரந்தரமா, இல்ல உங்க லாஹிரி பாபு சொல்ற மாதிரி நிரந்தரமா?”

நிதாய்தா அந்த நாற்காலியை நினைத்தார். கூடாரத்துக்குள் நுழையும்போது எழும் குரலை நினைத்தார். ஆசையாகத்தான் இருந்தது, மிகவும் ஆசையாக இருந்தது. இப்போது போய்ப் பின்கதவில் பூட்டு மாட்டினால் போதும், எல்லாம் அப்படியே இருக்கும். பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் இவனும் அப்படியே இருப்பான். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் இழுத்தார்.

“ஏறு” என்றார்.

இந்த முறை அவனிடம் பை இருந்தது. பிரதிமா அதில் நார்கேல் நாடு, தேங்காய் உருண்டைதான், ஒரு பொட்டலம் வைத்துக் கொடுத்தாள்.

கூடாரத்தில் அன்று நடந்ததைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. “எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனை விட்டுட்டியே, பாவி! நடுக்களமே போச்சு!” என்று லாஹிரி பாபு நிஜமாகவே அழுதார். மற்ற ஆறு பேர் அங்கேதான் டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிதாய்தா வாய் திறந்திருந்தால் ஒரே வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம். அவன் தப்பான கோகன், பாபு, உங்களுக்கே தெரியுமே, அவ்வளவுதான். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மறுநாள் பத்திரிகையில் வரும். பத்திரிகையை பேங்க்காரர்களும் படிப்பார்கள். ஆறு மாசம் இன்னும் தொடங்கவே இல்லை. “என் தப்புதான் பாபு, அசந்துட்டேன்” என்றார். தப்பான ஆளைக் கொண்டுவந்தபோது தோளில் விழுந்த கை, அவனைத் தொலைத்ததற்காக அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. நாற்காலியில் அந்த முன்கள ஆட்டக்காரனுடைய மைத்துனனின் அண்ணன் உட்கார்ந்தான்.

மழை வந்தது. பாகீரதிக்கும் இம்பீரியலுக்கும் பெரிய ஆட்டம். நிதாய்தா வாழ்க்கையில் முதல் முறையாக வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, மரக் காலரியில் உச்சிப் படியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு குடைக்காரர், தொண்டை கட்டிய பாகீரதி பக்தர்.

ஆட்டம் முடிய கொஞ்ச நேரம் இருக்கையில், இரண்டு பக்கமும் கோல் இல்லாதபோது, இம்பீரியலில் ஒருவன் நொண்டிக்கொண்டு வெளியேறினான். அவர்கள் நடுக்களத்திலும் ஆள் தீர்ந்திருந்தது. பெஞ்சிலிருந்து உயரமான ஒருவன் எழுந்தான். பாகீரதிக் காலரி முழுவதும் மூச்சடங்கியது.

“ஐயோ, கோகன்! ரகசிய ஆயுதம்!” என்றார் குடைக்காரர்.

லாஹிரி பாபு எல்லைக் கோட்டு ஓரத்தில் எழுந்து நின்று இரண்டு கையாலும் சைகை காட்டினார்: பிடியுங்கள், அவனைப் பிடியுங்கள். பாகீரதியின் ஆட்கள் மூன்று பேர் கோகனைச் சுற்றிக்கொண்டார்கள். அவன் சேற்றில் எங்கே போவதென்று தெரியாமல் வலது மூலைப் பக்கம் ஓடினான்; பழக்க தோஷம், அவன் பின்காவல்காரன். மூன்று பேரும் கூடவே ஓடினார்கள். நடுக்களம் துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. அந்த வெளியில் அந்தப் பக்கத்துக் கோகன் தனியாக நின்றான். பந்து அவனிடம் வந்தது. இடது கால்தான்.

கோல் என்று இம்பீரியல் கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. பந்தைத் தொடாத கோகனைத்தான் எல்லாரும் முதலில் கட்டிப்பிடித்தார்கள். அவன் திகைத்துப்போய் நின்றான். பிறகு சிரித்தான். அவன் சிரித்து நிதாய்தா பார்த்ததே இல்லை.

குடைக்காரர் குடையைப் படியில் அடித்தார். “எல்லாம் அந்த நிதாய்னு ஒருத்தனால! வீட்டுல வெச்சுக் காக்கத் துப்பில்லாம இப்படி ஒரு ரத்தினத்தை விட்டுட்டானே! அவனை என்ன பண்ணலாம், சொல்லுங்க?”

“நிக்க வெச்சு உதைக்கணும்” என்றார் நிதாய்தா. தோற்றது அவருடைய சங்கம். ஆனால் கண்ணில் நீர் வந்தது அதற்காக இல்லை.

குடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். தன்னைவிடப் பெரிய பக்தனைக் கண்டுகொண்ட மரியாதையோடு மழைக்குக் குடையை விரித்து இருவர் தலைக்கும் பிடித்தார். வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

“அழாதீங்க அண்ணே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். உங்க பேரு என்ன?”

நிதாய்தா கடலையை உடைத்தார். கீழே சேற்றில் உயரமான அந்த உருவம் இன்னும் யார் யார் தோளிலோ போய்க்கொண்டிருந்தது.

“கோகன்” என்றார்.

“அது சரி. தெருவுக்கு நாலு பேரு” என்றார் குடைக்காரர்.

பொய் இல்லை. அம்மா உயிரோடு இருந்தவரை அவரையும் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டாள்.